வறுமை திரையேறியபோது

விருந்தினர் வரும் நாளில் வீட்டிலுள்ள கிழிந்த பாய் உள்ளறைக்குப் போய்விடுகிறது. நசுங்கிய பாத்திரம் பரணில் ஏறுகிறது. அவை வீட்டில் இருப்பது குடும்பத்தார் அனைவர்க்கும் தெரியும். நாள்தோறும் அந்தப் பாயில் படுத்தெழுபவர்களும் அவர்களே. எனினும் அயலார் கண்ணில் அது படலாகாது என்பதே அவர்தம் கவலை. தனி வீட்டுக்குள்ள இந்த நாணம் நாடுகளுக்கும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் அந்த நாணத்தைப் பிற கலைகளைவிட மிகுதியாகச் சீண்டியது திரைப்படம். வறுமையைக் கதையாக எழுதியபோது பொறுத்துக்கொண்ட பெருமக்கள், அதே வறுமை திரையில் நடமாடியபோது பொறுக்கமாட்டாதவர் ஆயினர். நூலைப் படிக்க மொழியறிவு வேண்டும். படத்தைப் பார்க்கக் கண்ணிருந்தால் போதும். கடல் கடந்த நாட்டானும் பார்ப்பான் அன்றோ? சினத்தின் வேர் அங்கேதான் இருந்தது.

ஸ்பெயின், மெக்சிகோ, இத்தாலி, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் தோன்றிய நான்கு படங்கள் இன்று திரைக்கலையின் செவ்வியல் ஆக்கங்களாகப் போற்றப்படுகின்றன. அவற்றை எடுத்தோர் வரலாறு பலரால் எழுதப்பட்டுவிட்டது. அவற்றைப் பார்த்தோர் வரலாறு அதனினும் சுவையானது.

முதலாவது நிகழ்ச்சி 1933ஆம் ஆண்டின் இறுதியில் மாட்ரிட் நகரில் நடந்தது. ஸ்பெயினின் மேற்கே, எஸ்திரெமதூரா மாநிலத்தின் வடகோடியில், லாஸ் ஊர்தெஸ் என்றொரு மலைப்பகுதி உண்டு. விளைநிலம் அரிதாய், நோய் மலிந்து, உலகத் தொடர்பு அற்று அம்மலையூர்கள் கிடந்தன. லூயிஸ் புனுவெல் என்னும் இளம் இயக்குநர் அவ்வாண்டு வேனிலில் அங்குச் சென்று ஓர் ஆவணப்படம் எடுத்தார். அதற்குப் பணம் வந்த வழியே ஒரு கதையாகும். ஊவெஸ்கா நகரத்து ஓவிய ஆசிரியரான ராமோன் அசீன், தமக்குக் குலுக்குச்சீட்டில் பரிசு விழுந்தால் படத்துக்குப் பணம் தருவதாக நண்பர்க்கு விளையாட்டாகச் சொல்லியிருந்தார். பரிசும் விழுந்தது, அவரும் சொன்ன சொல் தவறவில்லை. இருபதாயிரம் பெசெத்தாவில், அரைமணி நேரத்துக்கும் குறைவாக ஓடும் 'ரொட்டியில்லா நிலம்' உருவாயிற்று.

முதற்காட்சியில் படத்துக்கு ஒலி இல்லை. திரையில் காட்சிகள் ஓட, புனுவெல் தாமே ஒலிபெருக்கியில் விளக்கவுரை சொன்னார். அவையில் இருந்தோருள் மருத்துவர் கிரெகோரியோ மாரஞோனும் ஒருவர். இவர் சிறியர் அல்லர். ஐரோப்பா அறிந்த மருத்துவர், எழுத்தாளர். 1922இல் மன்னர் பதின்மூன்றாம் அல்போன்சோ குதிரையேறி லாஸ் ஊர்தெசைக் காணச் சென்றபோது உடன் சென்றவர். அம்மக்களின் நலனுக்கென நிறுவப்பட்ட அரசுக் காப்பு மன்றத்தின் தலைவரும் அவரே. படத்துக்கு அரசின் இசைவு கிடைக்க அவர் துணையைத் தேடினார் புனுவெல். மருத்துவரோ முகம் சுளித்தார். எதற்காக எப்போதும் அருவருப்பானதையே காட்ட வேண்டும், அருகிலுள்ள லா அல்பெர்க்கா ஊரின் அழகிய நடனங்களை ஏன் காட்டலாகாது என்பதே அவர் கேள்வியாக இருந்ததெனப் புனுவெல் பிற்காலத்தில் தம் நினைவுகளில் எழுதினார். படம் தடை செய்யப்பட்டது. தடை விதித்தது கொடுங்கோலாட்சி அன்று, குடியரசு ஆட்சி.

இந்தக் கதையைச் சொல்லுவோர் பெரும்பாலும் மாரஞோனை நகைப்புக்கு உரியவராக்கிவிடுவர். அது நேர்மையன்று. அம்மலைக்குச் சாலையும் மருந்தும் பள்ளியும் போகவேண்டுமென உழைத்தவர் அவர். புனுவெலோ சில வாரங்கள் தங்கிச் சென்றவர். பத்தாண்டு உழைப்புக்குப் பின்னும் அங்கு ஒன்றும் மாறவில்லை என்று ஒருவர் திரையிட்டுக் காட்டும்போது, உழைத்தவர்க்கு வலிக்காமல் என் செய்யும்? படத்திலும் குறையுண்டு. மலைச்சரிவில் ஓர் ஆடு கால் தவறி விழுகிறது எனக் குரல் சொல்லுகிறது. திரையின் ஓரத்தைக் கூர்ந்து பார்ப்பவர்க்குத் துப்பாக்கிப் புகை தெரியும். வறுமை உண்மை; ஆனால் அதன் சான்றுகளுள் சில சமைக்கப்பட்டவை. இப்படத்தைக் காணும் ஒருவர் இரக்கம், சினம், ஐயம் ஆகிய மூன்றையும் ஒருங்கே சுமந்துதான் அரங்கை விட்டு வெளிவருகிறார். அந்த ஐயத்தையும் இயக்குநர் வேண்டுமென்றே ஊட்டினார் என வாதிடும் திறனாய்வாளரும் உளர். ஆட்டைக் கேட்டால் வேறு விடை கிடைக்கும்.

உள்நாட்டுப் போர் மூண்டபின், தடை செய்த அதே குடியரசின் பாரிஸ் தூதரகம் படத்துக்கு ஒலி சேர்க்கப் பணம் தந்தது. முன்பு நாட்டின் மானத்தைக் கெடுத்த படம், இப்போது எதிரியை வெல்லும் கருவியாயிற்று. பணம் தந்த அசீன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1936 ஆகஸ்டில் பிராங்கோ தரப்பினர் அவரைச் சுட்டுக் கொன்றனர். சில நாள்களில் அவர் மனைவியையும் கொன்றனர்.

நாடிழந்த புனுவெல் பல ஊர் அலைந்து மெக்சிகோவில் குடியேறி, 1949இல் அந்நாட்டுக் குடிமகனானார். மறு ஆண்டில் அவர் எடுத்த 'மறக்கப்பட்டோர்' என்னும் படம் எழுப்பிய சினம் மாட்ரிட் சினத்தை விஞ்சியது. மெக்சிகோ நகரின் புறச்சேரிகளில் மாதக்கணக்கில் கந்தலுடுத்திச் சுற்றி, சீர்திருத்தப் பள்ளி ஏடுகளைப் புரட்டி, அவர் கண்ட சிறுவர்களே கதை மாந்தர். பெத்ரோ என்னும் சிறுவன் நல்லவனாக விரும்புகிறான். அதற்கு ஊரும் வீடும் இடம் தரவில்லை. பசியோடு வரும் மகனுக்கு உணவு தர மறுக்கிறாள் தாய். அக்காட்சி படமாகும்போதே ஒப்பனைக் குழுவில் முடிதிருத்தும் பெண் ஒருத்தி வேலையை விட்டு வெளியேறினாள். மெக்சிகோத் தாய் எவளும் தன் பிள்ளையிடம் இவ்வாறு நடக்கமாட்டாள் என்பது அவள் கூற்று. படம் வெளிவருமுன்பே கிடைத்த முதல் திறனாய்வு அது.

அத்திறனாய்வு பெருந்திரளின் குரலாக மாறச் சில வாரங்களே ஆயின. 1950இன் இறுதியில் வெளியான படம் நான்கு நாள்களில் அரங்கைவிட்டு எடுக்கப்பட்டது. இந்த அயலானை நாடு கடத்துக என்ற கூச்சல் எழுந்தது. அறிஞர்களுக்கெனத் தனியே நடந்த காட்சியின் முடிவில், ஓவியர் தியேகோ ரிவேராவின் முன்னாள் மனைவி லூப்பே மாரின் ஒரு சொல்லும் பேசாது இகழ்ச்சியோடு அகன்றார். ஸ்பானியக் கவிஞர் லெயோன் ஃபெலிப்பேயின் மனைவி பெர்த்தாவோ, மெக்சிகோவுக்கு இழிவு செய்துவிட்டாய் எனக் கதறி, நகங்களை நீட்டிக்கொண்டு புனுவெலின் முகத்தை நோக்கிப் பாய்ந்தார். அந்த அம்மையார் மெக்சிகோவில் பிறந்தவர். அதே அறையில், புரட்சி ஓவியர் சிக்கெய்ரோஸ் இயக்குநரை உளமாரப் பாராட்டினார். ஒரே இருளில், ஒரே நேரத்தில், ஒரே படத்தைப் பார்த்த மூவர்! கலைக்கழகத்தார் எத்துணைக் கோட்பாடு வகுத்தாலும் இந்த மூன்று முகங்களை ஒரு சூத்திரத்தில் அடக்க இயலாது.

படத்தை மீட்டவர் ஒரு கவிஞர். பாரிசில் மெக்சிகோத் தூதரக அலுவலராயிருந்த ஒக்டாவியோ பாஸ் 1951 கான் திரைவிழாவுக்கு வந்தார். தம் அரசின் மேலோர்க்கு அப்படம் உவப்பானதன்று என்பதை அறிந்தும், புனுவெலைப் பற்றித் தாம் எழுதிய கட்டுரையைப் படியெடுத்து, அரங்க வாயிலில் நின்று வருவோர் கையில் தாமே கொடுத்தார். அலுவலகப் பணியில் இருப்போர் இதனைச் செய்ய எத்துணை நெஞ்சுரம் வேண்டும் என்பதை அத்தகு பணி பார்த்தோர் அறிவர். சிறந்த இயக்குநர் பரிசு புனுவெலுக்குக் கிடைத்தது. பரிசோடு திரும்பிய படத்தை மெக்சிகோ மக்கள் இரண்டு மாதத்துக்கு மேல் சென்று பார்த்தனர். அந்நாட்டின் ஏரியல் விருதுகள் பதினொன்று அதற்குக் கிடைத்தன. நான்கு நாள் படத்துக்கும் இரண்டு மாதப் படத்துக்கும் ஒரு சட்டகம்கூட வேறுபாடில்லை. வேறுபட்டது ஒன்றே: அயலார் சிரிப்பர் என்று அஞ்சியது பொய்த்து, அயலார் மதித்தனர். அயலார் கண்ணுக்கு அஞ்சி வந்த சினம் அயலார் கண்ணாலேயே தணிந்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

படம் எடுக்கும்போதே தயாரிப்புத் தரப்புக்கு அச்சம் இருந்திருக்கிறது. பெத்ரோ இறந்து, அவன் உடல் குப்பைமேட்டில் உருட்டிவிடப்படுவதே படத்தின் முடிவு. ஆனால் அவன் பிழைத்துச் சீர்திருத்தப் பள்ளிக்குத் திரும்புவதாக மற்றொரு முடிவும் படமாக்கி வைக்கப்பட்டிருந்தது. அது பல்லாண்டு கழித்து மெக்சிகோப் பல்கலைக்கழகத்துப் படக்காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது. நல்லவேளை, அது தேவைப்படவில்லை.

இத்தாலியில் சினம் கூச்சலாக வெளிப்படவில்லை, கடிதமாக வெளிப்பட்டது. விட்டோரியோ டி சிக்கா 1952இல் வெளியிட்ட 'உம்பர்ட்டோ டி' ஓர் ஓய்வூதியக் கிழவரின் கதை. அமைச்சகத்தில் எழுத்தராய் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வூதியம் வாடகைக்கே போதவில்லை. உறவென்று சொல்ல ஒரு நாய்தான் உண்டு. வேடமிட்டவர் நடிகர் அல்லர். மொழியியல் பேராசிரியர் கார்லோ பத்திஸ்தி. இப்படத்தில் ஒரு காட்சி. கிழவர் பிச்சை கேட்கத் தெருவில் கையை நீட்டிப் பார்க்கிறார். யாரோ ஒருவர் காசு போட வரும்போது கையைச் சட்டென்று புறங்கையாகத் திருப்பி, மழை தூறுகிறதா எனப் பார்ப்பவர்போல் நடிக்கிறார். வறுமையைவிட, அதை மறைக்கும் அந்தக் கைதான் பார்ப்பவர் நெஞ்சை அறுக்கிறது. வீட்டு வேலைக்காரச் சிறுமி விடியலில் எழுந்து, அடுப்பு மூட்டி, காப்பிக்கொட்டை அரைத்துக்கொண்டே, காலை நீட்டிக் கால்விரலால் கதவைச் சாத்த முயலும் நீண்ட காட்சியும் அத்தகையதே. அங்கே கதை ஒன்றும் நகர்வதில்லை. ஒரு பெண்ணின் ஒரு காலைப் பொழுது மட்டும் நகர்கிறது. சலிப்பு என்று எழுந்து போனவர்களும் உண்டு; அதுவே திரைக்கலையின் உச்சம் என்று எழுதிய ஆந்திரே பசானும் உண்டு.

அப்போது இத்தாலியில் திரைத்துறைக்குப் பொறுப்பான துணைச்செயலர் ஜூலியோ அந்திரேயோத்தி. படங்களுக்கு அரசுக் கடன் தருவதும் அயல்நாட்டுக்கு அனுப்ப இசைவு தருவதும் அவர் கையில் இருந்தன. 1952 பிப்ரவரியில் அவர் ஒரு வார இதழில் டி சிக்காவுக்குத் திறந்த மடல் எழுதினார். இருபதாம் நூற்றாண்டு நடுவில் இத்தாலி என்பது உம்பர்ட்டோவின் இத்தாலியே என உலகம் தவறாக நம்புமாயின், இயக்குநர் தம் நாட்டுக்குத் தீங்கான பணியையே செய்தவர் ஆவார் என்பது மடலின் சாரம். இது அருளாளர் டொன் போஸ்கோவின் நாடும் அன்றோ, முற்போக்கான சமூகச் சட்டங்களின் நாடும் அன்றோ என்று அவர் நினைவூட்டினார். இனியேனும் சிறிதளவு நலமான நம்பிக்கையைச் சேர்த்துக்கொள்ளுமாறும் கேட்டுக்கொண்டார். சொற்கள் மென்மையானவை. ஆயினும் கடன் தரும் கை எழுதிய மடல் என்பதால், படத்தயாரிப்பாளர் எவரும் அதைத் திறனாய்வாக மட்டும் படிக்கவில்லை. படம் வணிகத்திலும் தோற்றது. மடல் எழுதியவர் பின்னாளில் ஏழு முறை தலைமையமைச்சரானார்.

டி சிக்காவின் முந்தைய படமான 'சைக்கிள் திருடர்கள்' 1950இல் இலண்டன் அரங்கொன்றில் ஓடிக்கொண்டிருந்தபோது, கல்கத்தாவின் விளம்பர நிறுவனம் ஒன்று பயிற்சிக்கு அனுப்பிய இளைஞர் ஒருவர் அதைப் பார்த்தார். சில மாதத் தங்கலில் அவர் பார்த்த படங்கள் ஏறத்தாழ நூறு. ஆயினும் அந்த ஒரு படம் அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. வெளிப்புறத்தில், தொழில்முறை நடிகர் இன்றி, எளிய கதையைப் படமாக்க இயலும் என்ற துணிவோடு சத்யஜித் ராய் கப்பலேறினார். கப்பலிலேயே விபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் 'பதேர் பாஞ்சாலி' நாவலுக்குத் திரைக்குறிப்பு எழுதத் தொடங்கினார். இத்தாலி தன் நாட்டு மானத்துக்குக் கேடெனக் கருதிய கலை, வங்காளத்துக்கு விதையாயிற்று.

ராய் பட்ட பாடு நாடறிந்தது. முதற்காட்சியை 1952 அக்டோபரில் நாணல் பூத்த வயலில் எடுத்தார். மறுவாரம் சென்றபோது பூவை மாடுகள் மேய்ந்திருந்தன. மனைவியின் நகைகள் அடகுக்குப் போயின. இறுதியில் மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி. சி. ராயின் அரசு கைகொடுத்தது. 'வழியின் பாட்டு' என்று பொருள்படும் தலைப்புக்கேற்பச் சாலை மேம்பாட்டுக் கணக்கிலிருந்து பணம் வந்தது எனச் சொல்லுவர். ஆனால் அங்கும் அதே கோரிக்கை எழுந்தது. கிராம முன்னேற்றத் திட்டத்தால் அக்குடும்பம் வாழ்வு பெறுவதாக முடிவை மாற்றலாகாதா என்று அரசுத் தரப்பில் கேட்டனர். ராய் இணங்கவில்லை. இலா அல்பெர்க்காவின் நடனம், அந்திரேயோத்தியின் நம்பிக்கை, மெக்சிகோவின் மாற்று முடிவு, வங்காளத்தின் முன்னேற்றத் திட்டம் ஆகிய அனைத்தும் ஒரே மருந்தின் வெவ்வேறு பெயர்களே.

1955 ஆகஸ்டு 26இல் கல்கத்தாவில் படம் வெளியானபோது முதல் நாள்களில் அரங்கம் நிறையவில்லை. பின்னர்ப் பார்த்தவர் சொல்லிப் பாராதவர் வர, கூட்டம் பெருகியது. அந்நேரத்தில் அரங்கம் வேறொரு படத்துக்கு முன்பதிவாகியிருந்தமையால் 'பதேர் பாஞ்சாலி' விலக வேண்டியதாயிற்று. அந்த வேறொரு படம், சென்னை ஜெமினி அதிபர் எஸ். எஸ். வாசனின் இந்திப் படமான 'இன்சானியத்'. 'சந்திரலேகா'வின் முரசு நடனத்தால் இந்தியாவையே வியக்க வைத்த வாசன், ராயின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் இல்லத்துக்கே சென்றார். முன்பே அறிந்திருந்தால் தம் படத்தைத் தள்ளிவைத்திருப்பேன் என்று சொன்னார். பிரம்மாண்டத்தின் வணிகர் என வாசனை ஒதுக்குவோர் இந்த ஒரு வருகையை நினைவில் கொள்ளுதல் நன்று.

வறுமையைக் காட்டுகிறதென்று அரசு வட்டாரத்தில் சிலர் தடுத்தும், நேருவின் இசைவோடு படம் 1956 கான் விழாவுக்குச் சென்று, மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்ற பரிசைப் பெற்றது. கையால் உண்ணும் உழவர்களைப் பார்க்கத் தமக்கு விருப்பமில்லை எனப் பிரெஞ்சு இளைஞர் பிரான்சுவா துருபோ சொன்னதாக நெடுங்காலம் பேசப்பட்டது. வெளிநாட்டார் பார்வை எப்போதும் இரக்கமாகவே அமையும் என்பதற்கும் உறுதியில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1980இல், மாநிலங்களவை உறுப்பினராயிருந்த நடிகை நர்கீஸ், ராய் இந்திய வறுமையை ஏற்றுமதி செய்கிறார் எனக் குற்றம் சாட்டினார். நேர்காணலில், வேறு எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டபோது புதிய இந்தியாவை என்றார். புதிய இந்தியா எது என்று கேட்டபோது அணைகள் என்றார். ராயின் அன்பர்கள் இவ்விடையை நெடுநாள் நகையாடினர். ஆனால் நர்கீஸ் யார்? 1957இல் வெளியான 'மதர் இந்தியா'வில் மாடு இழுக்க வேண்டிய ஏரைத் தம் தோளில் இழுத்தவர். சேற்றிலும் பசியிலும் பிள்ளைகளைக் காக்கும் அந்த உழவப் பெண்ணின் வறுமை, ராயின் சர்பஜயாவின் வறுமைக்குக் குறைந்ததன்று. ஒரு வேறுபாடு உண்டு. 'மதர் இந்தியா' தொடங்குவதே ஊருக்கு அணைக்கால்வாய் திறக்கும் விழாவில்தான். துன்பத்துக்குப் பயன் கிடைத்துவிட்டது என்ற உறுதியோடு பார்வையாளர் அழலாம். 'பதேர் பாஞ்சாலி' அந்த உறுதியைத் தருவதில்லை. துர்கா இறக்கிறாள், குடும்பம் மாட்டுவண்டியில் ஊரைவிட்டுப் போகிறது, பூட்டாத வீட்டுக்குள் பாம்பு ஊர்ந்து செல்கிறது. அவ்வளவே.

நர்கீஸ் கவனித்திருக்கத்தக்க காட்சி ஒன்று அப்படத்தின் இறுதியில் இருக்கிறது. அடுத்த வீட்டுப் பெண்ணின் மணிமாலையைத் துர்கா திருடினாள் என்று ஒருநாள் ஊரே தூற்றியது, அவள் மறுத்தாள். அவள் இறந்தபின், வீட்டைக் காலி செய்யும்போது, சிரட்டைக்குள் அந்த மாலையை அபு காண்கிறான். யாரிடமும் சொல்லவில்லை. ஓடிப்போய்க் குளத்தில் எறிகிறான். பாசி விலகி, மாலை மூழ்க, பாசி மெல்லக் கூடிக்கொள்கிறது. குடும்பத்தின் குறையை அயலார் அறியாமல் மறைப்பதென்றால் என்ன என்பதை அந்தச் சிறுவன் அறிந்திருந்தான். இறந்த அக்காள்மேல் கொண்ட அன்பினால் அவன் மறைத்தான். ராய் அந்த மறைவைக் கண்டிக்கவில்லை. பாசி கூடும்வரை பொறுமையாகப் படமெடுத்தார்.

இத்துணை வழக்குகளிலும் கருத்துரைத்தோர் பட்டியல் நீளமானது: மருத்துவர், தூதர், அமைச்சர், கவிஞர், நடிகை. திரையில் காட்டப்பட்டவர்கள் அதில் இல்லை. 'சைக்கிள் திருடர்கள்' படத்தில் வேலையற்ற தந்தையாக நடித்த லம்பெர்த்தோ மஜொரானி உண்மையில் ஆலைத் தொழிலாளி. உலகப் புகழ்பெற்ற படத்தை முடித்துவிட்டு ஆலைக்குத் திரும்பியவர், சிறிது காலத்தில் ஆள்குறைப்பில் வேலையிழந்தார். லாஸ் ஊர்தெஸ் மக்கள் தம்மைப் பற்றிய படத்தை நெடுங்காலம் பார்க்கவும் இல்லை. ஸ்பெயினில் பிராங்கோ ஆட்சியிலும் அது தடையில் இருந்தது. 2000ஆம் ஆண்டில் ராமோன் கீலிங் என்னும் டச்சு இயக்குநர், அம்மலையூர்களுக்குச் சென்று 'ரொட்டியில்லா நிலம்' படத்தைத் திரையிட்டு, பார்த்தவர் முகங்களையும் சொற்களையும் ஓர் ஆவணப்படமாக்கினார். சாலை வந்துவிட்டது, பள்ளி வந்துவிட்டது, மின்விளக்கும் வந்துவிட்டது. திரையில் தோன்றியோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாற்காலிகளில் அமர்ந்து, தம் முன்னோரைப் பார்த்தனர். புனுவெல் இறந்து பதினேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவர்மேல் கொண்ட சினம் அங்குச் சிலர்க்கு இன்னும் ஆறியிருக்கவில்லை.